மெலிந்துவரும் தலைமயிருக்கு எண்ணெயா, மருந்தா, கத்தரிக்கோலா?

உச்சி பிரித்துத் தலை இழுக்கும்போது வகிடு முன்னையைவிட அகலமாகத் தெரிகிறது. பின்னலின் கீழ்ப்பாதி எலிவால் ஆகிவிட்டது. முன்பு இரண்டு சுற்றோடு இறுகி நின்ற பாண்ட் இப்போது நாலு சுற்றுச் சுற்றினாலும் வழுக்கி இறங்குகிறது. இந்த நேரத்தில் யாழ்ப்பாணத்தில் நமக்கு முன்னால் இருக்கிற வழிகள் பெரும்பாலும் நாலு: வீட்டில் காய்ச்சின எண்ணெய், பாமசியில் வாங்கித் தலையில் பூசும் மினொக்சிடில் மருந்து, பியூட்டி பாலரில் ஒரு வெட்டு, வைத்தியர் எழுதித் தரும் இரத்தப் பரிசோதனை.

நாலும் நல்லதுதான் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் நாலும் செய்யும் வேலை வேறு வேறு. காசும் நேரமும் எல்லோருக்கும் அளவாகத்தான் இருக்கிறது. என்னைக் கேட்டால் முதலில் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், அடுத்தது கத்தரிக்கோல், அதற்குப் பிறகு தேவைப்பட்டால் மருந்து. எண்ணெய் கடைசியில்தான் வரும். நம் ஊரில் பெரும்பாலானவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எண்ணெயில் ஒரு வருடம் போய்விடுகிறது, அந்த ஒரு வருடத்தில் மருந்துக்குக் கேட்கக்கூடிய வேர்களும் சுருங்கிவிடுகின்றன. இதை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அதனால்தான்.

காரணத்தில் இருந்து தொடங்குவோம். ஒரு நாளைக்கு 50 முதல் 100 மயிர் வரை உதிர்வது எல்லோருக்கும் வழமை. வாரத்தில் ஒருநாள், சனிக்கிழமை மட்டும் முழுகுகிறவருக்கு அந்த வாரம் முழுக்கக் கழன்று தலைக்குள்ளேயே நின்ற மயிர் அன்றைக்கு ஒரேயடியாகக் கையோடு வரும். அதைப் பார்த்துப் பயந்து முழுகுவதை இன்னும் தள்ளிப்போட்டால் அடுத்த தடவை இன்னும் பெரிய கொத்தாக வரும். ஆகவே கையில் வந்த கொத்தை அளவுகோலாக எடுக்காதீர்கள். ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், மாதம் ஒருமுறை வகிட்டைப் போனில் படம் எடுத்து வையுங்கள். அதுதான் உண்மையைச் சொல்லும்.

பிறப்பிலேயே மெல்லிய மயிர் உள்ளவர்கள் ஒரு பக்கம். சின்ன வயதுப் படத்திலும் இப்படித்தான் இருந்தது, வகிடு அகலவில்லை என்றால் அது நோயே இல்லை. அவர்களுக்கு நல்ல வெட்டும் கவனமான கழுவலும் போதும்.

திடீரென்று தலை முழுவதும் ஒரே மாதிரிக் கொட்டத் தொடங்கினால் அது இன்னொரு கதை. அப்போது காலண்டரை இரண்டு மூன்று மாதம் பின்னுக்குத் திருப்பிப் பாருங்கள். கடும் காய்ச்சல், பிரசவம், சத்திர சிகிச்சை, சாப்பாட்டைக் குறைத்து வேகமாக மெலிந்தது, இவற்றில் ஏதாவது ஒன்று பெரும்பாலும் அங்கே இருக்கும். உடம்புக்கு அதிர்ச்சி வந்தவுடன் வளர்ந்துகொண்டிருந்த வேர்களில் ஒரு பகுதி ஓய்வு நிலைக்குப் போகிறது. ஓய்வுக் காலம் ஏறக்குறைய மூன்று மாதம். அது முடிந்தபின்தான் மயிர் விழும். மாரி மழையோடு டெங்கு வருகிற ஊர் நம்முடையது. மார்கழியில் டெங்கில் படுத்தவருக்குப் பங்குனியில் தலைமயிர் கொட்டும். அதற்குள் காய்ச்சல் மறந்துபோய்விடும், பழி புதிதாக வாங்கின ஷாம்பு மேலே விழும். பிரசவித்த பெண்களுக்கும் இதே கணக்குத்தான்: பிள்ளைக்கு மூன்று மாதம் ஆகும்போது தொடங்கும், முதல் பிறந்தநாள் அளவில் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும்.

இந்த வகைக்கு மிகச் சிறந்த மருந்து பொறுமையும் நல்ல சாப்பாடும். மயிர் தானாகத் திரும்பி வருகிற இந்தக் காலத்துக்குள் எந்த எண்ணெயைப் பூசினாலும் அந்த எண்ணெய்க்குத்தான் பெயர் கிடைக்கும். "இதைப் பூசித்தான் எனக்கு வளர்ந்தது" என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்களுக்கு எப்படியும் வளர்ந்திருக்கும்.

மூன்றாவது வகைதான் கவலைப்பட வேண்டியது. மெதுவாக, வருடக்கணக்கில், பெண்களுக்கு உச்சி வகிட்டிலும் ஆண்களுக்கு நெற்றியின் இரு பக்கத்திலும் உச்சந்தலையிலும் மெலிந்துவருவது. பரம்பரையும் ஹோர்மோனும் சேர்ந்து செய்கிற வேலை இது. இங்கே மயிர் விழுவதைவிட முக்கியமானது, விழுந்த இடத்தில் முளைப்பது ஒவ்வொரு தடவையும் முன்னையைவிட மெல்லியதாக முளைப்பது. காத்திருந்தால் இது தானாகத் திரும்பாது.

எது எதுவென்று தெரியாவிட்டால் எண்ணெய்ப் போத்தலுக்குக் கொடுக்கும் காசை இரத்தப் பரிசோதனைக்குக் கொடுங்கள். ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைரொயிட்டுக்கு ரி.எஸ்.எச், இந்த மூன்றும் முதலில் போதும். மாதவிடாய் அதிகமாகப் போகிற பெண்களுக்கு இரும்புக் குறைவு சர்வசாதாரணம். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும், அதற்கு அப்பால் விரதம் விரதமாகவும் மச்சம் மாமிசம் விலக்குகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மத்தியானச் சோற்றுக்கு மேலே உடனே ஒரு தேத்தண்ணி குடிக்கிற பழக்கம் இருக்கிறதே, அது சாப்பாட்டில் உள்ள இரும்பை உடம்பு எடுப்பதைக் குறைக்கிறது. ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். முருங்கையிலை வறைக்கும் கீரைக்கும் மேலே தேசிக்காய்ப் புளி விட்டால் இரும்பு கூடுதலாகச் சேரும். இரும்புக் குளிசையை மட்டும் பரிசோதனை இல்லாமல் தொடங்க வேண்டாம். இரும்பு கூடினாலும் உடம்புக்குக் கெடுதி.

பயோட்டின் குளிசையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். உடம்பில் பயோட்டின் குறைவாக இருப்பவருக்குத்தான் அது மயிர் விடயத்தில் உதவும், அந்தக் குறைவு அரிது. அதைவிட, அது தைரொயிட் பரிசோதனை முடிவைப் பிழையாகக் காட்டக்கூடியது. மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோப்போனின் பரிசோதனையையும் குழப்பும். ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் இரத்தம் கொடுக்க முதல் வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள்.

வட்டமாக ஒரு இடத்தில் வெறுமையாகிவிட்டால், தலைத் தோல் சிவந்து எரிந்தால், தழும்பு போல மினுங்கினால், பெண்களுக்கு மாதவிடாய் ஒழுங்கீனத்தோடு முகத்திலும் மயிர் வந்தால், வீட்டு வைத்தியத்தில் ஒருநாள்கூடச் செலவழிக்காமல் தோல் வைத்தியரிடம் போங்கள். இவற்றில் சில வகை, வேரையே நிரந்தரமாக அழித்துவிடும்.

சரி, எண்ணெய்க்கு வருவோம். செவ்வரத்தம்பூ, கறிவேப்பிலை, வெந்தயம், கரிசலாங்கண்ணி போட்டுக் காய்ச்சின எண்ணெய் நம் வீடுகளில் அன்போடு சேர்ந்த ஒரு பொருள். அதை நான் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால் அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்து பூச வேண்டும். தேங்காயெண்ணெயில் நிறைய உள்ள லோரிக் அமிலம் மயிர்த்தண்டுக்குள் இறங்கக்கூடியது. முழுகும்போது மயிரிலிருந்து புரதம் கழுவுண்டு போவதை அது குறைக்கிறது என்று 2003இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அதே ஆய்வில் சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அந்த வேலையைச் செய்யவில்லை. ஆக, தேங்காயெண்ணெய் உடைவதைக் குறைக்கும். வகிட்டில் மயிர் முளைக்கச் செய்யாது. நல்லெண்ணெய் வைத்து முழுகினால் உடம்பு குளிரும், மனம் ஆறும், தீபாவளிக்கு அது இல்லாமல் சரிவராது. மெல்லிய மயிருக்கு அது கழுவிப் போக்கச் சிரமமான பாரம். ஆமணக்கெண்ணெய் இன்னும் தடிப்பம், சிக்குப் பிடிக்கும், சிக்கெடுக்கும்போது இருக்கிறதும் அறுந்து வரும்.

மெல்லிய மயிருக்கு ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் போதும். காதுக்குக் கீழே இருந்து நுனிவரை மட்டும், முழுக ஒரு மணித்தியாலம் முதல் பூசிவிட்டுக் கழுவுங்கள். தலைத் தோலில் ஊற்றி இரவெல்லாம் வைப்பது பொடுகு உள்ளவர்களுக்கு வேண்டாம். பொடுகை உண்டாக்கும் பூஞ்சை எண்ணெயைத் தின்றுதான் வளர்கிறது. எண்ணெய் வைத்துப் படிய இழுத்த தலையில் மயிர்கள் ஒட்டிக்கொண்டு நடுவில் தோல் இன்னும் பளிச்சென்று தெரியும் என்பதையும் கண்ணாடியில் பார்த்திருப்பீர்கள்.

வெங்காயச் சாறு பற்றியும் கேட்பார்கள். 2002இல் பக்தாத்தில் நடந்த ஒரு சிறிய ஆய்வில் அது புழுவெட்டுக்குப் பலன் தந்தது. புழுவெட்டு வேறு, வகிடு மெலிவது வேறு. அந்த ஆய்வை இதற்குக் கொண்டுவர முடியாது. மொட்டை அடித்தால் தடிப்பாக வளரும் என்பதும் அப்படித்தான். செல்வச்சந்நிதி கோயிலில் நேர்த்திக்கு அடிக்கிற மொட்டைக்கு அதன் காரணம் இருக்கிறது, ஆனால் சவரக்கத்தி வேரைத் தொடுவதில்லை. வெட்டின முனை மொட்டையாக இருப்பதால் கைக்குத் தடிப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். சித்த வைத்தியத்தில் நம்பிக்கை உள்ளவர்கள், லேபல் இல்லாத போத்தலை யாரோ சொல்லி வாங்காமல் கைதடி சித்த போதனா வைத்தியசாலை போன்ற இடத்தில், படித்துப் பட்டம் பெற்றவரிடம் காட்டி மருந்து எடுப்பது எவ்வளவோ மேல்.

கிணற்றுத் தண்ணீரையும் சொல்ல வேண்டும். குடாநாட்டுக்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல். அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காமல் வெள்ளைத் திப்பியாகத் திரண்டு மயிரில் படியும், கேத்தில் அடியில் படிகிற மாதிரியே. முழுகிக் காய்ந்தபின் விரலை விட்டால் சொரசொரவென்று தடுக்கும். மெல்லிய மயிர் இதனால் முரடாகி உடையும், ஆனால் வேரோடு கொட்டுவதற்குத் தண்ணீரைக் குற்றம் சொல்ல நல்ல ஆதாரம் இல்லை. சவர்க்காரத்தை விட்டு ஷாம்புக்கு மாறுங்கள். மழைக்காலத்தில் கூரைத் தண்ணீர் பிடிக்க வசதி இருந்தால் கடைசி வார்ப்புக்கு அதை வையுங்கள். தேசிக்காய்ப் புளி கலந்த தண்ணீரும் படிவைக் கரைக்கும். பிறகு நல்ல தண்ணீரால் அலசிவிட வேண்டும், ஏனென்றால் தேசிப்புளி தோலில் இருக்க வெயிலில் போனால் தோல் வெந்து கறுக்கும். முழுகியபின் கூந்தலைத் துவாயால் முறுக்கி அடித்து ஈரம் எடுப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஈரத்தில்தான் மயிர் மிகவும் பலவீனம். துவாயால் பொத்தி அழுத்தி எடுத்தால் போதும்.

மினொக்சிடில் விடயத்தில் நம் ஊரில் இரண்டு தவறான எண்ணம் உண்டு. ஒன்று, அது அதிசயம் செய்யும். மற்றது, அது உள்ளதையும் கொட்டிவிடும். இரண்டுக்கும் நடுவில்தான் உண்மை. 1970களில் இரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த குளிசை அது. எடுத்தவர்களுக்கு உடம்பில் மயிர் வளர்ந்ததைப் பார்த்துத்தான் தலையில் பூசும் மருந்தாக மாற்றினார்கள். 1988இல் அமெரிக்காவில் ஆண்களுக்கு அனுமதி கிடைத்தது, சில வருடத்தில் பெண்களுக்கும். பரம்பரையாக மெலிகிற தலைக்கு, மருந்துச்சீட்டோடு ஓடாமலே பூசக்கூடிய மருந்துகளில் இதற்குத்தான் வலுவான ஆதாரம் இருக்கிறது.

தொடங்கிய முதல் சில வாரத்தில் உதிர்வு கூடலாம். பழைய மயிரைத் தள்ளிக்கொண்டு புதியது புறப்படுவதால் வருவது அது. இந்த இடத்தில்தான் பயந்து நிற்பாட்டுகிறார்கள். பலன் தெரிய நாலு முதல் ஆறு மாதம் வேண்டும். நிற்பாட்டினால் சில மாதத்தில் கிடைத்ததெல்லாம் போய்விடும். அதாவது இது ஒரு போத்தலோடு முடிகிற செலவல்ல. 60 மில்லிலீற்றர் போத்தல், ஒரு தடவைக்கு 1 மில்லிலீற்றர் வீதம் நாளுக்கு இரண்டு தரம் பூசினால் சரியாக ஒரு மாதம் வரும். அந்த மாதச் செலவை வருடக்கணக்கில் தாங்க முடியுமா என்று யோசித்துவிட்டுத் தொடங்குங்கள். முடியாவிட்டால் தொடங்காமல் வெட்டையும் அலங்காரத்தையும் நம்புவதில் ஒரு குறையும் இல்லை.

எண்ணெய் வைத்த தலையில் மேலே பூசினால் மருந்து தோலுக்கு இறங்காது, காய்ந்த சுத்தமான தலை வேண்டும். மயிரில் அல்ல, வகிட்டுத் தோலில் பட வேண்டும். பூசியவுடன் ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் புறப்படாதீர்கள், படுக்கைக்கும் குறைந்தது இரண்டு மணித்தியாலம் முன்பே பூசுங்கள். இல்லாவிட்டால் தலையணை வழியாக முகத்தில் பட்டு அங்கேயும் மயிர் வரக்கூடும். அரிப்பு எடுத்தால் நுரை வகையைக் கேட்டுப் பாருங்கள், திரவத்தில் அரிப்பை உண்டாக்கும் புரொப்பிலீன் கிளைக்கோல் அதில் இல்லை. கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் பூசக்கூடாது. வீட்டில் பூனை இருந்தால் மிகவும் கவனம், பூனைக்கு இது நஞ்சு. ஆண்களுக்குக் கொடுக்கும் ஃபினாஸ்டரைட் குளிசையும் பலன் தரும், ஆனால் தாம்பத்தியத்திலும் மனநிலையிலும் பக்கவிளைவு வரக்கூடியது என்பதால் வைத்தியர் சொல்லாமல் எடுக்க வேண்டாம். உடைந்த குளிசையைக் கர்ப்பிணிகள் தொடவும் கூடாது.

இனிக் கத்தரிக்கோல். நாலு வழியிலும் அன்றைக்கே பலன் தெரிவது இது ஒன்றில்தான். ஆனால் நம் பெண்கள் மிகவும் தயங்குவதும் இதற்குத்தான். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு பாலரில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் இடுப்பளவு பின்னலோடு வந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். வெட்டுகிற பிள்ளை பின்னலை அவிழ்த்து, கூந்தலை இரு விரலுக்கு நடுவே பிடித்து மெல்லக் கீழே இழுத்துக்கொண்டு வந்தாள். தோளுக்குக் கீழே அவளுடைய சட்டையின் பூவெல்லாம் மயிருக்கூடாகத் தெரிந்தது.

"அன்ரி, இதுக்குக் கீழ ஒண்டும் இல்லைப் பாருங்கோ."

"நீளமா இருந்தாத்தானே பிள்ளை பின்னலாம்."

"தோளுக்குக் கீழ நாலு விரல் விட்டு நேரா வெட்டிறன். பின்னலும் வரும், கொண்டையும் வரும்."

அப்படியே நேர்கோடாக வெட்டினாள். லேயர் போடவில்லை, நுனியைச் சிலுப்பவில்லை, பல்லுள்ள கத்தரிக்கோலைத் தொடவே இல்லை. காய்ந்தபின் நுனி ஒரே வரிசையில் கனமாக நின்றது. மயிர் கூடவில்லை, ஆனால் பார்க்கிற கண்ணுக்கு முன்னையைவிட இருமடங்கு. வெட்டுகிறவரிடம் கேட்க வேண்டியது இதுதான்: நீளம் குறைவாக, நுனி நேராக. முன்னுக்கு வேண்டுமானால் ஒன்றிரண்டு லேயர், அதற்கு மேல் வேண்டாம்.

வருடக்கணக்காக ஒரே இடத்தில் எடுத்த வகிட்டை ஒரு விரல் பக்கவாட்டில் தள்ளுங்கள். பழகின பக்கத்துக்கு எதிராக விழும்போது மயிர் வேரிலிருந்து எழும்பி நிற்கும். தலையைக் குனிந்து காற்றாடிக் காற்றில் காயவிட்டாலும் அதே பலன். கண்டிஷனர் காதுக்குக் கீழே மட்டும். மருதோன்றி மயிரின் மேல் ஒரு படையாகப் படிவதால் கொஞ்சம் தடிப்புத் தரும், எனக்குப் பிடித்த வழி. "கறுப்பு மருதோன்றி" என்று பெட்டியில் வருவதில் இரசாயனச் சாயம் கலந்திருக்கலாம், காதுக்குப் பின்னால் பூசி இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் தலைக்கு. ரீபொண்டிங், நேராக்கல் இரண்டும் மெல்லிய மயிருக்கு வேண்டவே வேண்டாம். தட்டையாக்கி, உடைத்தும் விடும்.

ஆண்களுக்குச் சுருக்கம்: பக்கங்களை ஒட்ட வெட்டி மேலே கொஞ்சம் விடுங்கள். ஈரம் போல மினுங்கும் ஜெல் தோலைக் காட்டிக்கொடுக்கும், மினுங்காத வக்ஸ் மறைக்கும். நீளமாக வளர்த்து வெறுமையான இடத்துக்கு மேலே படிய இழுப்பதைவிட முழுக்கக் குட்டையாக வெட்டுவது எவருக்கும் அழகு. மயிர் நடுகை செய்ய நினைப்பவர்கள், பின்தலையில் இருக்கிற மயிரைத்தான் முன்னுக்கு மாற்றுகிறார்கள், புதிதாக ஒன்றும் உண்டாவதில்லை என்பதை முதலில் மனதில் வையுங்கள். மற்ற இடத்தில் மெலிவது நிற்காவிட்டால் நட்ட பின்பும் மருந்து தொடர வேண்டும்.

தாய்மாருக்கு ஒன்று. பள்ளிக்கூடத்துக்கு இரட்டைப் பின்னல் போடும்போது நெற்றியோரம் தோல் இழுபடும் அளவுக்கு இறுக்காதீர்கள். வருடக்கணக்கில் இழுபட்ட வேர் ஒரு கட்டத்துக்குப் பிறகு திரும்ப முளைப்பதில்லை. பிள்ளை தலை நோகுது என்று சொன்னால் அது செல்லமல்ல, அவிழ்த்துத் தளரப் பின்னுங்கள். பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு வைக்கிற சவுரியும் ஒத்திகைக்கெல்லாம் வேண்டாம், மேடைக்கு மட்டும் போதும்.

கல்யாணத்துக்கு நாலு மாதம் இருக்கிறது, இப்போது என்ன செய்வது என்று கேட்கிற பெண்களுக்கு என் பதில் கொஞ்சம் வேறு. பரிசோதனையை இந்த வாரமே செய்யுங்கள், இரும்பு குறைவு என்றால் இப்போதே தொடங்க வேண்டும். மினொக்சிடில் வேண்டுமென்றால் உடனே, இல்லையென்றால் கல்யாணம் முடிந்த பிறகு. இரண்டு மாதம் இருக்கும்போது தொடங்கினால் மணவறையில் இருக்கும் நாளில் உதிர்வு இன்னும் நடந்துகொண்டிருக்கலாம், பலன் வந்திருக்காது. நுனியை இப்போதே நேராக வெட்டிவிடுங்கள், பின்னலுக்குச் சவுரி வைக்கப்போவதால் நீளம் பிரச்சினை இல்லை. அலங்காரம் செய்பவரிடம் ஒருநாள் ஒத்திகை கேளுங்கள். சவுரியின் பாரம் மெலிந்த உச்சியில் தொங்காமல் மயிர் அடர்த்தியாக உள்ள பின்தலையில் ஏறும்படி குத்தச் சொல்லுங்கள், பின்னலின் மேல் பூட்டும் சடைநாகத்தில் பாரம் குறைந்ததைத் தெரிவு செய்யுங்கள். குத்தி முடித்ததும் தலையை இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். எங்காவது சுருக்கென்று இழுத்தால் அந்த இடத்தைக் கழற்றி மறுபடி குத்தச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம்.